மூன்று லட்சம் பேர் போதாத சோதனை

2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் பிரசார இணையதளத்துக்கு வந்த 3,10,382 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. வந்தவர்களுக்கு அது தெரியாது. 2024 மக்களவைத் தேர்தலில் அந்தமான் நிக்கோபார் தொகுதியின் மொத்த வாக்காளர்கள் சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம். இரண்டு எண்களும் அருகருகே வந்து நிற்பது தற்செயல்தான். ஆனால் இணையத்தில் தேர்தல் நிதி திரட்டுவது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று விளக்க இதைவிட வசதியான தற்செயல் எனக்குக் கிடைக்கவில்லை.

சோதனையை நடத்தியவர் டான் சிரோக்கர். அப்போது இன்னும் வெளிவராத குரோம் உலாவிக்காகக் கூகுளில் வேலை பார்த்துவந்த இளைஞர். 2007 நவம்பரில் ஒபாமா கூகுள் தலைமையகத்துக்கு வந்து பேசினார். கேட்டவர்களில் சிரோக்கரும் ஒருவர். கொஞ்ச நாளிலேயே சிகாகோவுக்குப் போய்ப் பிரசாரக் குழுவில் சேர்ந்துவிட்டார். ஒரு பக்கத்தை மாற்றுவதா வேண்டாமா என்று கூடி உட்கார்ந்து வாதாடாமல், வருகிறவர்களிடமே இரண்டு விதமாகக் காட்டிப் பார்த்துவிடுவது கூகுளின் பழக்கம். அந்தப் பழக்கத்தை அவர் கையோடு கொண்டுபோனார்.

ஒபாமாவின் இணையதளத்துக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு வரவேற்புப் பக்கம் வரும். மேலே ஒரு படம், கீழே மின்னஞ்சல் முகவரி கேட்கும் கட்டம், பக்கத்தில் ஒரு பட்டன். பட்டனில் ‘பதிவு செய்யுங்கள்’ என்று எழுதியிருந்தது. சிரோக்கர் இதற்கு நான்கு வாசகங்களை எடுத்துக்கொண்டார். படம் இருந்த இடத்துக்கு மூன்று படங்களும் மூன்று வீடியோக்களும். ஆக 24 கலவைகள். வருகிற ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் ஏதாவது ஒன்று காட்டப்பட்டது. ஒவ்வொரு கலவையையும் ஏறத்தாழ 13 ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

வீடியோக்களில் ஒன்றுதான் ஜெயிக்கும் என்பது பிரசாரக் குழுவின் கணிப்பு. மேடையில் ஒபாமா பேசுகிற வீடியோ அது, உணர்ச்சிகரமானது. முடிவு வந்தபோது மூன்று வீடியோக்களுமே எல்லாப் படங்களையும்விடப் பின்தங்கியிருந்தன. முதலிடம் மனைவி, குழந்தைகளோடு ஒபாமா இருக்கும் குடும்பப் படத்துக்கும் ‘மேலும் அறிக’ என்ற சாதுவான பட்டனுக்கும். பழைய பக்கத்தில் நூற்றுக்கு 8.26 பேர் முகவரி தந்திருந்தார்கள். புதிய பக்கத்தில் 11.6 பேர். நாற்பது சதவீத உயர்வு.

முகவரியில் என்ன இருக்கிறது? பணமே அதில்தான் இருக்கிறது. முகவரி தந்தவருக்கு அடுத்தடுத்துக் கடிதம் போகும், ஒவ்வொரு கடிதத்திலும் நன்கொடைக் கோரிக்கை இருக்கும். ஒரு முகவரிக்குச் சராசரியாக 21 டாலர் வந்ததாகவும், பிரசாரம் முடிவதற்குள் அந்தப் பக்கத்தால் கூடுதலாக 28 லட்சத்து 80 ஆயிரம் முகவரிகள் சேர்ந்ததாகவும், அதன் மதிப்பு 6 கோடி டாலர் என்றும் சிரோக்கர் பின்னாளில் எழுதினார். இந்த 6 கோடி எண்ணிப் பார்த்த பணம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் கண்ட நாற்பது சதவீதம் அடுத்த நவம்பர் வரை அப்படியே நீடித்தது என்று வைத்துக்கொண்டு பெருக்கிய கணக்கு அது. ‘மேலும் அறிக’ என்ற தயக்கமான பட்டனை அழுத்தி வந்தவரும், ‘பதிவு செய்யுங்கள்’ என்பதைத் துணிந்து அழுத்தியவரும் ஒரே அளவு பணம் கொடுப்பார்கள் என்ற அனுமானமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனாலும் அந்தக் கணக்கை நம்பி ஒரு தொழிலே பிறந்தது. தேர்தல் முடிந்தபின் சிரோக்கர் பீட் கூமனோடு சேர்ந்து ஆப்டிமைஸ்லி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சோதித்துப் பார்க்கும் கருவியை எல்லா இணையதளங்களுக்கும் விற்பதே அதன் வேலை.

குலுக்கிப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் வந்தவர்களுக்கு ஒரு பக்கமும் மாலையில் வந்தவர்களுக்கு இன்னொன்றும் காட்டினால், வித்தியாசம் பக்கத்தால் வந்ததா ஆட்களால் வந்ததா என்று சொல்ல முடியாது. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் உரங்களை ஒப்பிடும்போது ரொனால்டு ஃபிஷருக்கும் இதே சிக்கல்தான். எந்த உரம் எந்தப் பாத்திக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும் என்று அவர் முறை வகுத்தார். ஏ–பி சோதனை என்று இன்று கணினிக்காரர்கள் சொல்வது ஃபிஷரின் பாத்திகள்தான். விளைச்சலுக்குப் பதில் மனிதர்களின் பட்டன் அழுத்தங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மதிப்பிட வேண்டிய வித்தியாசம் சிறிதாகச் சிறிதாக, தேவைப்படும் ஆட்கள் அதன் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவார்கள். பாதி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான்கு மடங்கு பேர் தேவை. புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு சுருக்கு வழி இது: பக்கத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பங்கு பேர் ‘சரி’ என்கிறார்கள், எத்தனை பங்கு பேர் ‘வேண்டாம்’ என்கிறார்கள், இரண்டையும் பெருக்கி, பதினாறால் பெருக்கி, வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு பக்கத்துக்குத் தேவையான ஆட்கள். இருக்கிற வித்தியாசத்தை ஐந்தில் நான்கு முறையாவது கண்டுகொள்ள இவ்வளவு பேர் வேண்டும் என்பது இதன் பொருள்.

இதை அந்தமானுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேட்பாளர் நன்கொடைப் பக்கம் வைக்கிறார். வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் பணம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தை மாற்றினால் அது 1.1 ஆகுமா என்று தெரிய வேண்டும். கணக்கின்படி ஒரு பக்கத்துக்கு 1 லட்சத்து 58 ஆயிரம் பேர், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 3 லட்சத்து 17 ஆயிரம் பேர் வர வேண்டும். வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கேம்பல் பே வரை ஒரு வாக்காளர் பாக்கியில்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாலும் ஓரிரண்டு ஆயிரம் பேர் குறைவார்கள். அதுவும் எல்லோருக்கும் ஒரே மொழியில் காட்டினால். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3 லட்சத்து 80 ஆயிரம். அதில் வங்காளம் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. தமிழ்ப் பக்கத்தை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் கைக்குழந்தையையும் சேர்த்தே 58 ஆயிரம் பேரைத் தாண்டாது.

அப்படியானால் கிடைத்த சில ஆயிரம் பேரை வைத்துச் சோதித்தால் என்ன? சோதிக்கலாம், முடிவும் வரும். அந்த முடிவு பெரும்பாலும் குருட்டு அதிர்ஷ்டத்தின் முடிவாக இருக்கும். ஆள் குறைவான சோதனையில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நாள்தோறும் எட்டிப் பார்த்து, நமக்குப் பிடித்த பக்கம் முன்னிலைக்கு வந்ததும் ‘போதும்’ என்று நிறுத்திவிடுவது. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்து, பூ அதிகமாக விழுந்த நேரம் பார்த்து நிறுத்தினால் எந்த நாணயமும் கோணலாகத்தான் தெரியும். வாடிக்கையாளர்கள் இதையே செய்கிறார்கள் என்று உணர்ந்து, ஆப்டிமைஸ்லி நிறுவனமே ஸ்டான்ஃபோர்டு புள்ளியியலாளர்களை வைத்து 2015இல் தன் கணக்கீட்டு முறையை மாற்ற வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்தமான் ஒன்றும் ஒதுக்கித் தள்ளும் களம் இல்லை. 2019இல் காங்கிரஸின் குல்தீப் ராய் சர்மா அங்கே பாஜகவின் விஷால் ஜாலியை வென்றது 1,407 வாக்குகளில். 2024இல் பாஜகவின் விஷ்ணு பத ராய் தொகுதியை மீட்டார். சட்டமன்றம் இல்லாத பிரதேசம் என்பதால் தீவுகள் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது இந்த ஒரே ஒரு எம்.பி.யைத்தான். இங்கே பணத்தின் அளவுகோலும் வேறு. 2022 முதல் மக்களவை வேட்பாளருக்கான செலவு வரம்பு பெரிய மாநிலங்களில் 95 லட்சம், அந்தமானில் 75 லட்சம். தென்சென்னையில் வாக்காளர்கள் சுமார் 20 லட்சம். அங்கே ஒரு வாக்காளருக்கு ஐந்து ரூபாய்கூட விழாது. அந்தமானில் கிட்டத்தட்ட 24 ரூபாய். கப்பல் ஏறித்தான் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்ற தொகுதியில் அது வீண் சலுகையும் இல்லை. ஆனால் அந்த 75 லட்சத்தை நூறு ரூபாய் நன்கொடைகளாகத் தீவுகளிலேயே திரட்ட முயன்றால் 75 ஆயிரம் பேர் கொடுக்க வேண்டும். நான்கு வாக்காளர்களில் ஒருவர். எந்த நாட்டிலும் எந்தக் கட்சியும் அப்படி வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே சிறு நன்கொடை என்றாலே வெளியூர் நன்கொடை என்றாகிவிடுகிறது. இந்தியாவில் இதைத் தெளிவாகக் காட்டியது பீகாரின் பெகுசராய். 2019 மக்களவைத் தேர்தலில் அங்கே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராக நின்ற கன்னையா குமாருக்காக ‘அவர் டெமாக்ரசி’ என்ற தளம் நிதி திரட்டியது. பிலால் ஜைதி, ஆனந்த் மங்னாலே என்ற இருவர் தொடங்கிய தளம் அது. அன்றைய செலவு வரம்பான 70 லட்சத்தைத் தொட்டதும் வசூலை நிறுத்திக்கொண்டார்கள். கம்யூனிஸ்ட் தோழர்கள் கடைவீதியில் உண்டியல் குலுக்கி வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த உண்டியலில் விழும் காசு அதே வீதியில் நடப்பவரின் காசு. பெகுசராய்க்கான உண்டியலில் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் போடலாம். போட்டார்கள். வாக்குப் போடப் பெகுசராய்க்காரர்களால் மட்டுமே முடியும். பாஜகவின் கிரிராஜ் சிங் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். அதற்கு இரண்டாண்டு முன்னால், மணிப்பூரில் இரோம் சர்மிளாவின் கட்சியும் இணையத்தில் மக்களிடம் நிதி கேட்டுத் தேர்தலைச் சந்தித்தது. அவருக்குத் தௌபால் தொகுதியில் கிடைத்தவை 90 வாக்குகள்.

அமெரிக்காவில் இதன் பெரிய உருவம் உண்டு. 2020இல் கென்டக்கி மாநிலத்தின் செனட் தேர்தலில் மிட்ச் மெக்கனலை எதிர்த்து நின்ற ஏமி மெக்ராத்துக்கு 9 கோடி டாலர் போல் குவிந்தது. மெக்கனலைப் பிடிக்காதவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள், கென்டக்கியில்தான் போதுமான அளவுக்கு இல்லை. பெரிய வித்தியாசத்தில் தோற்றார். நன்கொடைப் பட்டனை அழுத்தியவர் எந்தத் தொகுதிக்காரர் என்று பக்கம் கேட்பதில்லை. சோதனை அளப்பது எத்தனை பேர் பணம் போட்டார்கள் என்பதை மட்டும்தான்.

வெளியூர் என்றால் எவ்வளவு தூரம் வரை என்பதற்கு இந்தியச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. வெளிநாட்டு நிதியைக் கட்சிகளும் வேட்பாளர்களும் வாங்கக் கூடாது. துபாயில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் கொடுக்கலாம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட தஞ்சாவூர்க்காரர், அவர் அப்பா இன்னும் தஞ்சாவூரிலேயே இருந்தாலும், கொடுக்க முடியாது. இந்தக் கோட்டைக் கணினி எப்படிக் காப்பது? கார்டாக இருந்தால் அதன் முதல் சில இலக்கங்களிலிருந்தே எந்த வங்கி, எந்த நாடு என்று தெரிந்துவிடும். ஆனால் கார்டின் நாடும் ஆளின் குடியுரிமையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லையே. அதனால்தான் பெயர், முகவரி, பான் எண், ‘நான் இந்தியக் குடிமகன்’ என்ற உறுதிமொழிக்கு ஒரு டிக் என்று பக்கம் நீள்கிறது. ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் பேரைத் திருப்பி அனுப்பும். சிரோக்கரின் சோதனையைச் செய்பவருக்கு அது எரிச்சலாக இருக்கும், சட்டத்துக்கு அது தேவை.

பணம் போய்ச் சேரும் வழியைப் பொறுத்தவரை நாம் அமெரிக்காவை முந்திவிட்டோம். அங்கே ஜனநாயகக் கட்சியினருக்காக 2004இல் பெஞ்சமின் ரான், மேட் டெபெர்காலிஸ் இருவரும் தொடங்கிய ஆக்ட்புளூ என்ற நன்கொடைத் தளம், கார்டு செலவுகளுக்காக ஒவ்வொரு நன்கொடையிலும் 3.95 சதவீதம் எடுத்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். இந்தியாவில் யுபிஐ 2016இல் வந்தது. 2020 ஜனவரி முதல் அதற்கு வணிகர் கட்டணமும் கிடையாது. பின் நம்பரைப் போட்டதும் கோரிக்கை நம் செயலியின் வங்கியிலிருந்து தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் மையக் கணினிக்குப் போகிறது. அது நம் கணக்கிருக்கும் வங்கியிடம் கழிக்கச் சொல்கிறது, கழித்ததும் வாங்குபவரின் வங்கியிடம் சேர்க்கச் சொல்கிறது, இரண்டு பக்கமும் சரி என்றபின் நமக்குச் செய்தி. பத்து ரூபாய் கொடுத்தால் பத்து ரூபாயும் போய்ச் சேரும்.

அந்தமானில் இந்தப் பேச்சுவார்த்தையே ஒரு காலத்தில் சிரமம். செயற்கைக்கோள்தான் கதி. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப, ஒளியின் வேகத்திலேயே அரை விநாடி ஆகும். பாதுகாப்பான இணைப்பு ஒன்று உருவாவதற்கே இப்படி இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும். கூடவே எல்லோருக்கும் பொதுவான குறுகிய பாதையின் நெரிசல் வேறு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் 2,300 கிலோமீட்டருக்கு மேல் கடலடியில் இழுத்த கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. செலவு 1,224 கோடி ரூபாய். கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னை போய்த் திரும்ப 15 மில்லி விநாடி போல. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. மீன் கடையில் க்யூஆர் அட்டை மாட்டியிருப்பதற்கு அந்தக் கேபிளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எவ்வளவு கேட்பது என்பதும் இந்தத் துறையில் தனிப் பாடம். நம் ஊரில் மொய் எழுதும்போது நூறு என்று எழுத மாட்டோம், நூற்றொன்று. முன்னால் எழுதியவர் ஐந்நூற்றொன்று என்றால் நம் கையும் கொஞ்சம் யோசிக்கும். முதலில் கண்ணில் படும் எண் மனதை அதன் பக்கம் இழுக்கும் என்பதை அமோஸ் த்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1974இல் சோதனையாகக் காட்டினார்கள். 2023 டிசம்பர் 18 அன்று காங்கிரஸ் தன் 138 ஆண்டுகளைக் கணக்கு வைத்து 138, 1,380, 13,800 என்று தொகை சொல்லி ‘டொனேட் ஃபார் தேஷ்’ இயக்கத்தைத் தொடங்கியது. அதே பெயரில் இருந்த ஒரு இணைய முகவரியைத் தட்டினால் பாஜகவின் நன்கொடைப் பக்கம் திறந்த வேடிக்கையும் அப்போது நடந்தது. பாஜக நமோ செயலி வழியே 5 ரூபாயிலிருந்தே வாங்கியது. ஆம் ஆத்மி 2013 டெல்லித் தேர்தலில் 20 கோடி சேர்ந்ததும் ‘போதும், இனி அனுப்பாதீர்கள்’ என்று அறிவித்தது. ஏ–பி சோதனைக்காரர் யாரும் கனவிலும் எழுதாத வாசகம்.

சோதித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2020 அமெரிக்கத் தேர்தல் சாட்சி. குடியரசுக் கட்சியின் வின்ரெட் தளத்தில், டிரம்புக்கான நன்கொடைப் பக்கத்தில், ‘இதையே வாராவாரம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தது. ஒருமுறை கொடுத்ததாக நினைத்த முதியவர்களின் கணக்கிலிருந்து பணம் திரும்பத் திரும்பப் போனது. டிரம்ப் தரப்பு அந்தத் தேர்தலில் திருப்பிக் கொடுத்தது சுமார் 12 கோடி டாலர். டிக் இருந்த பக்கம் அதிக பணம் கொண்டுவந்திருக்கும், சோதனையின் கண்ணில் அதுதான் வெற்றி. திட்டிக்கொண்டே வங்கிக்கு அலைந்தவர் அந்த அளவீட்டில் இல்லை. இங்கே 2021 அக்டோபர் முதல், மாதாமாதம் தானாகக் கழியும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த ஒரு குறுஞ்செய்தி வின்ரெட் வித்தையின் கையைக் கட்டிவிடும்.

கட்டணம் இல்லை, கேபிள் இருக்கிறது, விதி ஓரளவு காவல் நிற்கிறது. ஆனாலும் இந்தியத் தேர்தல் பணத்தில் சிறு நன்கொடை முன்வரிசைக்கு வரவில்லை. 2018 முதல் 2024 வரை விற்ற தேர்தல் பத்திரங்கள் சுமார் 16,500 கோடி ரூபாய். ஆயிரம் ரூபாய்ப் பத்திரமும் விற்பனைக்கு இருந்தது. மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாது என்ற அந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது. பெயர்கள் வெளியே வந்தபோது மிக அதிகமாக வாங்கியிருந்தது கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அவ்வளவு பெரிய தொகைக்குப் பட்டனின் வாசகத்தை யாரும் சோதித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

சிறு தொகைக்கு வேறு வகையான மறைவு உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குப் படிவம் 24ஏ தர வேண்டும். அதில் ஒருவர் ஆண்டுக்கு 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் பெயர் ஏறும். நூறு ரூபாய் போட்ட டிக்லிபூர் ஆசிரியை அதில் வர மாட்டார். வரக் கூடாது என்பதிலும் நியாயம் இருக்கிறது, எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பது அவருடைய மேலதிகாரிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பெயர் இல்லாமல் எண்ணிக்கையாவது சொல்லலாம்: இந்தத் தொகுதியிலிருந்து இத்தனை பேர், வெளியிலிருந்து இத்தனை பேர் என்று. அப்படி ஒரு பத்தி அந்தப் படிவத்தில் இல்லை. நன்கொடைப் பக்கத்தை நடத்துபவரின் திரையில் அந்த எண்ணிக்கை ஊர் வாரியாக, மணி வாரியாக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த முறை 1,407 வாக்குகளில் ஒரு எம்.பி. ஜெயித்தால், அவருக்குப் பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் தீவுக்காரர்கள் என்று அவருடைய கட்சி அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும், வாக்களித்தவர்களுக்குத் தெரியாது.